இன்றைக்கு அனுப்பலாமா, வேண்டாமா? சின்னப் பிள்ளைகளும் பள்ளியின் உடல்நல விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியின் மருத்துவ அறைதான் என் வேலை இடம். சேர்க்கைப் படிவங்களை வாங்கி வைப்பது, காய்ச்சலோடு வந்த பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு போன் போடுவது, முழங்கால் சிராய்ப்பைக் கழுவிவிடுவது, இதெல்லாம் தினமும் உண்டு. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நாள் கணக்குகள் நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். உங்கள் பள்ளி தந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சேர்க்கும்போதே இவ்வளவு மருத்துவக் காகிதம் எதற்கு?

பொதுவாகக் கேட்பது நான்கைந்துதான்: தடுப்பூசி அட்டையின் நகல், சமீபத்தில் மருத்துவர் பார்த்ததற்கான சான்று, ஒவ்வாமையும் பழைய நோய்களும், தினமும் சாப்பிடும் மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள். பெற்றோர் தடுப்பூசி அட்டையைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுகிறார்கள், தொலைபேசி எண்ணை மட்டும் போகிற போக்கில் கிறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதிகம் தேவைப்படுவது அந்த எண்தான். பிள்ளை வாந்தி எடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அம்மாவின் போன் அணைந்திருக்கும், அப்பா எண்ணில் யாரோ ஒருவர் 'ராங் நம்பர்' என்பார். மூன்றாவதாக எழுதியிருக்கும் சித்தப்பா வேறு ஊரில் இருப்பார். அரை மணி நேரத்துக்குள் நேரில் வரக்கூடிய ஒருவர் பெயராவது அதில் இருக்க வேண்டும், அவர் பிள்ளையை அழைத்துப் போக நீங்கள் எழுத்தில் அனுமதியும் தந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

ஊசி போட்ட மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ பெரும்பாலும் பதிவு இருக்கும், அங்கே முதலில் கேளுங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் மருத்துவர் சில ஊசிகளை மறுபடி போடச் சொல்லலாம். ஏற்கெனவே போட்டதையே இன்னொரு முறை போட்டாலும் பொதுவாக ஆபத்தில்லை. 'போட்ட ஞாபகம் இருக்கிறது' என்பதை மட்டும் எந்தப் பள்ளியும் ஏற்காது.

ஒரு டோஸ் நடுவில் விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளில் இடைவெளி நீண்டுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போட்ட டோஸ் வீணாகாது. அதற்காக அவசரப்பட்டு நெருக்கி நெருக்கியும் போடக் கூடாது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் ஓடாமல் இரண்டு மாதம் முன்பே அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

என் பிள்ளைக்கு ஊசி போடுவதும் போடாததும் என் விருப்பம்தானே, பள்ளி ஏன் கட்டாயப்படுத்துகிறது?

இது புதிதாக வந்த கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1855-லேயே பெரியம்மை ஊசி போடாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்று சட்டம் போட்டது. அந்தப் பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டதாக 1980-ல் அறிவித்தார்கள். இன்றைக்கு எங்களைப் போன்றவர்கள் பயப்படுவது தட்டம்மைக்குத்தான். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டு வெளியே போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு டோஸ் போட்டால் சுமார் 97 சதவீதம் பாதுகாப்பு. ஆனால் ஒரு சமூகத்தில் 95 சதவீதம் பேராவது போட்டிருந்தால்தான் நோய் பரவ வழியில்லாமல் நிற்கும். வகுப்பில் ஒரு பிள்ளை புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம், அதற்கு இந்த ஊசி போடவே முடியாது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் ஊசி போடும் வயதே வராத தம்பிப் பாப்பா இருக்கும். உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எம்எம்ஆர் ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தோடு இன்னமும் சிலர் வருகிறார்கள். 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. அந்தக் கட்டுரையை 2010-ல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது, எழுதிய மருத்துவரின் பெயரும் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை போன பிறகும் பயம் மட்டும் போகவில்லை.

மருத்துவக் காரணத்தால் ஊசி போட முடியாது என்றால் மருத்துவரிடம் எழுதி வாங்கித் தாருங்கள். பள்ளியில் அந்த நோய் தலைகாட்டினால் அந்தப் பிள்ளையைச் சில நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுவோம். தண்டனையாக நினைக்க வேண்டாம், அதிக ஆபத்தில் இருப்பது அந்தப் பிள்ளைதான்.

எத்தனை டிகிரி இருந்தால் காய்ச்சல்? எப்போது திரும்ப அனுப்பலாம்?

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல் என்பதுதான் பரவலான கணக்கு. மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். 'மருந்து கொடுக்காமலே' என்பதை இரண்டு முறை படியுங்கள், எங்களுக்கு வரும் சண்டையில் பாதி அந்த இடத்தில்தான்.

காலை 7 மணிக்குப் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிய பிள்ளையை நான் 11 மணிக்குப் பார்ப்பேன். அந்த மருந்தின் வேலை 4 முதல் 6 மணி நேரம்தான், அது இறங்க இறங்கக் காய்ச்சல் ஏறும். முதல் இரண்டு பாடவேளை நன்றாகவே இருந்த பிள்ளை மேசையில் தலை சாய்த்துவிடும், டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்புவார். கன்னம் சிவந்து, கண் பளபளவென்று, ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று நடுங்கிக்கொண்டு வரும். "காலையில் மருந்து குடித்தாயா?" என்று கேட்டால் பெரியவர்கள் மறைக்கலாம், ஐந்து வயதுப் பிள்ளை மறைக்காது. "அம்மா சொல்ல வேண்டாம்னாங்க" என்றே சொல்லிவிடும். வேலைக்கு லீவு கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும், என் வீட்டிலும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் கொடுத்தாகிவிடும். அடுத்த வாரம் வேறொரு அம்மா லீவு கேட்டு நிற்பார்.

எதற்கெடுத்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்களே?

அனுப்பும் முன் மூன்று விஷயம் பார்ப்போம். பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்து விளையாட, படிக்க முடிகிறதா? மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு இந்த ஒரு பிள்ளையை மட்டும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? மற்றவர்களுக்குப் பரவுமா? இந்த மூன்றிலும் தொந்தரவு இல்லையென்றால் பிள்ளை பள்ளியில் இருக்கட்டும்.

தேவையில்லாமல் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு முன் நியூயார்க்கில் பேன், படர்தாமரை, கண்நோய் என்று மருத்துவ ஆய்வாளர்கள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள், சாயங்காலம் பள்ளி விட்டதும் அதே வகுப்புத் தோழர்களோடுதான் விளையாடினார்கள். 1902-ல் லிலியன் வால்ட் என்ற செவிலியர், லினா ரோஜர்ஸ் என்ற இன்னொரு செவிலியரை நான்கு பள்ளிகளில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார். அவர் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார், வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். நகரம் உடனே இன்னும் பல செவிலியர்களை வேலைக்கு எடுத்தது. 1902 செப்டம்பரில் 10,000-க்கும் மேல் இருந்த திருப்பி அனுப்பல் அடுத்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 1,100 ஆகக் குறைந்தது. பிள்ளையைச் சீக்கிரம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை, வெளியே தள்ளுவது இல்லை.

மூக்கு ஒழுகுகிறது, சளி பச்சையாக இருக்கிறது. லீவு போடணுமா?

காய்ச்சல் இல்லை, ஓடி ஆடுகிறது என்றால் அனுப்புங்கள். சளி பச்சையாவது சாதாரணம், அதை வைத்து ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வருஷம் 'மாதம் ஒருமுறை' போலத் தோன்றும். சளிக்குப் பின் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அதற்கும் வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே உள்ளிழுத்தாலோ பள்ளியை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு?

கடைசி வாந்தி அல்லது கடைசிப் பேதிக்குப் பிறகு 24 மணி நேரம் என்று சில இடங்களில், 48 மணி நேரம் என்று பிரிட்டன் போன்ற இடங்களில் விதி. என்னைக் கேட்டால் 48. நோரோ வைரஸ் வகுப்பில் நுழைந்தால் ஒரே வாரத்தில் பாதிப் பேரைப் படுக்க வைத்துவிடும், டீச்சரையும் சேர்த்து. அதற்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 விநாடியும் வேண்டும்.

அம்மை போட்டால் எத்தனை நாள்?

எந்த அம்மை என்பதைப் பொறுத்தது.

சின்னம்மை: எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, சாதாரணமாக 5 முதல் 7 நாள். பொருக்கு உதிரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

தட்டம்மை: தடிப்பு தெரிந்த பிறகு 4 நாள் முடியும் வரை. பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கி 5 நாள். இவை இரண்டையும் பள்ளிக்குக் கட்டாயம் சொல்லுங்கள், வகுப்பில் ஊசி போடாதவர்கள் யார் என்று நாங்கள் அன்றைக்கே பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் டீச்சர்கள், பெற்றோர்களுக்கும் தகவல் போக வேண்டும்.

கக்குவான் இருமல், தொண்டைப் புண்ணுக்கு?

கக்குவானுக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கி 5 நாள் ஆக வேண்டும், மருந்தே எடுக்காவிட்டால் 21 நாள். ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்கு, மருந்து ஆரம்பித்து ஒரு முழு நாள் ஆகி, காய்ச்சலும் விட்டிருந்தால் போதும். பாட்டிலை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கை-கால்-வாய் நோய் வந்திருக்கிறது. புள்ளிகள் மறையும் வரை லீவா?

இல்லை. காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறிச் சாப்பிடத் தொடங்கினால் போதும். இந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், அத்தனை நாளும் யாரையும் வீட்டில் பூட்டி வைக்க முடியாது. கழிப்பறை போய்வந்தால் கை கழுவப் பழக்குங்கள்.

தலையில் பேன் இருப்பதாகக் குறிப்பு வந்தது. மானம் போகிறது.

போகவில்லை. பேனுக்கு அழுக்குத் தலை, சுத்தமான தலை என்ற பேதம் கிடையாது. அது பறக்காது, தாவாது. இரண்டு பிள்ளைகள் ஒரே படப் புத்தகத்தின் மேல் தலையை ஒட்டிக் குனிந்திருக்கிறார்களே, அப்போதுதான் ஒரு தலையிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போகிறது. முன்பெல்லாம் ஒரு ஈர் (பேன் முட்டை) மிச்சம் இருந்தாலும் பள்ளிக்குள் விடமாட்டார்கள். இப்போது குழந்தை மருத்துவர்கள் அந்த விதியே வேண்டாம் என்கிறார்கள், அது சரிதான். நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பேன் பல வாரமாக அங்கே குடியிருந்திருக்கும், இன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பி என்ன ஆகப் போகிறது? சாயங்காலம் வீட்டில் மருந்து போட்டு, ஈருளியால் வாரிவிட்டு, மறுநாள் அனுப்புங்கள். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் பெரும்பாலான மருந்துகளை ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை போட வேண்டும். இரண்டாவது முறையை மறப்பவர்கள்தான் 'இந்த மருந்து சரியில்லை' என்பார்கள்.

சொறி சிரங்கு வேறு விஷயம். முதல் முறை மருந்து பூசி முடித்த பிறகு அனுப்பலாம், ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும்.

பள்ளியில் மருந்து கொடுப்பீர்களா?

கொடுப்போம், சரியாக அனுப்பினால். கடையில் வாங்கிய அதே பாட்டில், பிள்ளையின் பெயர் உள்ள சீட்டு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிய உங்கள் கையெழுத்து, அளக்கும் குழல். இவ்வளவுதான். ஒருமுறை பையின் ஓரத்தில், பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிய இளஞ்சிவப்பு திரவம் வந்தது, கூடவே "1 ஸ்பூன்" என்று ஒரு துண்டுச் சீட்டு. அது பாரசிட்டமால்தான் என்று போனில் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த மருந்து 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது, நிறத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எந்த ஸ்பூன் என்பது அடுத்த கேள்வி. நான் கொடுக்கவில்லை, அந்த அம்மாவுக்குக் கோபம்.

ஆஸ்பிரினை மட்டும் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரக்கூடும், அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது.

ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, சர்க்கரை நோய் இருந்தால்?

சேரும் நாளிலேயே சொல்லுங்கள், மருத்துவரிடம் ஒரு பக்கத்துக்கு 'என்ன நடந்தால் என்ன செய்வது' என்று எழுதி வாங்கித் தாருங்கள். கோப்பு நிறைய ரிப்போர்ட் தருபவர்கள் உண்டு. பிள்ளை மூச்சுத் திணறும்போது அதை யார் உட்கார்ந்து படிப்பது?

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரோடு ஸ்பேசரையும் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய்) அனுப்புங்கள். ஸ்பேசர் இல்லாமல் சின்னப் பிள்ளை அடித்தால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் நின்றுவிடும். விளையாட்டு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், வீசிங்காக இருக்கலாம்.

வேர்க்கடலை, பால், முட்டை எதுவாக இருந்தாலும், கடுமையான ஒவ்வாமை வந்து முகம் வீங்கி, மூச்சு இழுத்து, குரல் மாறினால் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசியை உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டும், உடைக்கு மேலேயே போடலாம். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. பிள்ளையை நிற்கவோ நடக்கவோ விடாமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைப்போம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே போனால் உடனே இனிப்பான பானம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அந்த நிலையில் பிள்ளையைத் தனியாக என் அறைக்கு நடந்து வரச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் புது டீச்சர்களுக்குச் சொல்கிறேன்.

நோயைச் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ?

இந்தப் பயம் நியாயமானது. மேலே சொன்ன நோய்களை மறைத்தால் ஆபத்து பிள்ளைக்குத்தான், அதனால் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை நீங்கள் கேட்டு எழுதி வாங்கலாம். எச்ஐவி போன்றது அப்படி இல்லை. சேர்ந்து விளையாடுவதாலோ சாப்பிடுவதாலோ கழிப்பறையைப் பகிர்வதாலோ அது பரவாது, பள்ளிக்குச் சொல்ல வேண்டிய தேவையும் பொதுவாக இல்லை. யாருடைய இரத்தமாக இருந்தாலும் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும் என்ற விதி இருப்பது யாரையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்பதற்கும் சேர்த்துத்தான்.

கண், காது பரிசோதனை இந்த வயதில் எதற்கு?

சரியாகத் தெரியவில்லை என்று சின்னப் பிள்ளை சொல்லாது, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணையே ஒதுக்கிவிடும், இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கும், போகப் போகக் கடினம். காதும் அப்படித்தான். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் கட்டிக்கொண்ட பிள்ளை 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

தலையில் அடிபட்டதாகச் சீட்டு வந்தது. என்ன பார்க்கணும்?

திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், தலைவலி கூடிக்கொண்டே போவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு விளையாட்டு கிடையாது, பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்.

ஒருமுறை படிவம் கொடுத்தாச்சு. மறுபடி எப்போது?

வருஷம் ஒருமுறை, அப்புறம் ஏதாவது மாறினால் உடனே: புது மருந்து, புது ஒவ்வாமை, புது போன் எண். படிவத்தைக் கொடுக்க வரும்போது என் அலமாரியில் இருக்கும் உங்கள் பிள்ளையின் இன்ஹேலரையும் ஊசியையும் கையில் எடுத்துத் தேதி பாருங்கள். போன வருஷக் கடைசியில் நான் எடுத்து அடுக்கியபோது காலாவதியானது மூன்று இருந்தது.